மனிதக் குரல் நீக்கப்பட்டது

– எட்டு மணி நேரமா?

– ஆமா மேடம். ஐம்பத்துநாலு டிகிரியில. அதுக்கு மேல போனா டேப் நெளிஞ்சிடும்.

– நூலகத்துல டேப்பை வேக வைக்கிறீங்க.

– வேக வைக்கிறது இல்லை... பழைய டேப் ஈரம் குடிச்சுப் பிசுபிசுன்னு ஒட்டிக்கும். இப்படிச் சூடு காட்டினாத்தான் மிஷின்ல ஓடும்.

– கதவு இருக்கு, உள்ள விளக்கு எரியுது, முன்னாடி திருகு இருக்கு. என் மருமக வீட்டுல இதேதான் இருக்கு. அவ இதுல கேக் செய்வா.

– இதுவும் கேக் செய்யறதுதான் மேடம். வாங்கினப்போ கேக் புத்தகம் ஒண்ணு இலவசமாக் கொடுத்தாங்க. அதுக்கும் எண் போட்டு மேல அடுக்கி வச்சிருக்கோம்.

– அட, உனக்குப் பேச வருமா! வந்ததுல இருந்து தரையையே பார்த்துக்கிட்டிருந்தியே...

– ...இந்த நாற்காலியில உட்காருங்க மேடம். அது ஆடும்.

– மேடம் எல்லாம் வேண்டாம். அம்மான்னே கூப்பிடு.

– சரிங்கம்மா. ஃபாரம் கொண்டு வந்தீங்களா?

– பையில இருக்கு.

– கையெழுத்து...?

– இன்னும் போடலை.

– எங்க போடணும்னு பென்சில்ல குறிச்சு அனுப்பியிருந்தேனே...

– பார்த்தேன். அழகா ஒரு பெருக்கல் குறி. 'மறைந்த ஆய்வாளரின் சட்டப்படியான வாரிசு.' பக்கத்துல உன் பெருக்கல் குறி. நீ கணக்குப் படிச்சவளா?

– இயற்பியல்ங்கம்மா.

– அதான்.

– அந்தக் கையெழுத்து இருந்தாத்தான் இணையத்துல ஏத்த முடியும். வர்ற திங்கட்கிழமை திறப்பு. மத்ததெல்லாம் தயார். மொத்தம் அறுநூத்திப் பதினொரு பதிவு. யார் வேணும்னாலும், எந்த நாட்டுல இருந்தும், காசு கட்டாம கேட்கலாம். இறக்கி வச்சுக்கலாம்.

– அறுநூத்திப் பதினொண்ணும் தவளையா?

– எல்லாமே தவளை. பத்தொம்பது இனம். அதுல ரெண்டு இனம் இப்போ உலகத்துலயே இல்லை. அதுங்க இருந்த ஏரியைத் தூர்த்துட்டாங்க. அதுங்க குரல் சாரோட டேப்புல மட்டும்தான் இருக்கு.

– ம்... அவருக்குப் பெருமைதான்.

– சார் இருந்து பார்த்திருக்கணும்.

– ...கையெழுத்துப் போடறதுல எனக்கு ஒண்ணும் இல்லைம்மா. அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு வேணும்.

– சொல்லுங்கம்மா.

– அவர் குரலைக் கேட்கணும். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னாடி பேசுவார். தேதி, நேரம், எத்தனை டிகிரி, மேகம் இருக்கா இல்லையா... எனக்குத் தெரியும். கல்யாணமான புதுசுல ரெண்டு தடவை கூடப் போயிருக்கேன். முழங்கால் அளவு தண்ணியில நின்னுக்கிட்டு, ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி வாசிப்பார். எனக்குச் சிரிப்பு தாங்காது. வாயில துணியை அடைச்சுக்கிட்டு நிப்பேன்.

– அம்மா...

– அரை நிமிஷம் போதும். எந்தப் பதிவா இருந்தாலும் சரி.

– அது... இல்லைங்கம்மா.

– டேப்புல இல்லையா?

– டேப்புல இருந்துச்சு.

– இருந்துச்சுன்னா?

– வெட்டிட்டோம்.

– ...எதுக்கு?

– இது தவளைக் குரல் திட்டம்ங்கம்மா. குரலை வச்சு எந்த இனம்னு கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கிறதுக்குப் பழக்கறாங்க. நடுவுல மனுஷக் குரல் வந்தா அதுக்குக் குழம்பிடும். அதனால முதல்லயே சொல்லிட்டாங்க. ஒவ்வொரு பதிவுக்குக் கீழயும் ஒரு குறிப்பு இருக்கும் பாருங்க... இதோ.

– கண்ணாடி எடுத்துட்டு வரலை. படி.

– 'மனிதக் குரல் நீக்கப்பட்டது.'

– அறுநூத்திப் பதினொரு தடவையும் இதே வரியா?

– ஆமா.

– கத்தின தவளைக்கு இடம் இருக்கு. அதைத் தேடிப் போய்த் தண்ணியில நின்னவருக்கு இடம் இல்லை. ...யார் வெட்டினது? சொன்னா கோவிச்சுக்க மாட்டேன். யாரு?

– நான்தாங்கம்மா.

– உன்னைப் பார்த்தா எறும்பைக்கூட மிதிக்க மாட்ட போல இருக்கே.

– வேலைங்கம்மா...

– சரி, அசல் டேப் இருக்குமே? அதை ஒரு தடவை போட்டுக் காட்டு.

– சூடு காட்டினாலும் இவ்வளவு கெட்டுப்போன டேப் ஒரு தடவைதான் ஓடும். ஓடறப்பவே மேல இருக்கிற பூச்சு உதிர்ந்துடும். சத்தம் எல்லாம் அந்தப் பூச்சுலதான் இருக்கு. அடியில வெறும் பிளாஸ்டிக்.

– உதிர்ந்தது?

– மிஷினைத் துடைச்சு ஒரு டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். தூக்கிப் போட மனசு வரலை. இதோ...

– இந்தத் தூளா? துருப்பிடிச்ச ஆணியைச் சுரண்டின மாதிரி இருக்கே.

– துருதாங்கம்மா. இரும்புத் துரு.

– விரல்ல ஒட்டுது... இதுல அவர் பேசினது எது, தவளை பேசினது எது?

– ...தெரியாதுங்கம்மா.

– வெட்டறதுக்கு முன்னாடி முழுசா ஒண்ணு கம்ப்யூட்டர்ல இருந்திருக்குமே?

– மூணு மாசம் இருந்துச்சு. அப்புறம் சர்வர்ல இடம் இல்லைன்னு அழிச்சுட்டாங்க. அதுதான் இங்க விதி. நான் ஒரு கடிதம்கூட எழுதிப் பார்த்தேன். 'தேவை என்ன?'ன்னு கேட்டு ஒரு வரி எழுதி அனுப்பினாங்க. எனக்குப் பதில் எழுத வரலை.

– ம்...

– வீட்டுல எதுவுமே இல்லைங்களா? கல்யாண வீடியோ மாதிரி...

– இருக்கு. வீடியோக்காரன் தலையில இருந்து கால் வரைக்கும் பாட்டு போட்டு நிரப்பிட்டான். எல்லாரும் வாயசைக்கிறோம். மீன் தொட்டி மாதிரி இருக்கும்.

– அதுக்கு அப்புறம்? பிள்ளைங்க சின்னதா இருந்தப்போ...

– அப்புறம் கேமரா வாங்கினார். அத்தனையும் அவர்தான் எடுப்பார். எடுக்கறப்போ பேச மாட்டார். மூச்சுகூட விட மாட்டார். தவளைக்கிட்ட பழகின பழக்கம். இருபது வருஷம் வீடியோ இருக்கு. நான் கத்தறேன், பிள்ளைங்க கத்துது, எதிர்வீட்டு நாய் கத்துது. அவர் சத்தம் மட்டும் ஒரு இடத்துல இல்லை. 'ஏங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க'ன்னு நான் கேட்கிறேன். படம் மேலயும் கீழயும் ஆடுது. தலையாட்டறாராம்.

– ...போன்ல?

– போன்ல 'ம்' ஒண்ணுதான். அதையும் எவன் பிடிச்சு வச்சான்? பன்னெண்டு வருஷம் ஆச்சும்மா அந்தக் குரலைக் கேட்டு. ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்போ என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வண்டிச் சக்கரம் கீச்சுக் கீச்சுன்னு... காதுல விழலை. 'என்ன?'ன்னு நான் கேட்கிறதுக்குள்ள கதவை மூடிட்டாங்க. அதுதான் கடைசி. இப்போ நினைச்சு நினைச்சுப் பார்க்கிறேன். மூஞ்சி வருது, நடை வருது. குரல் மட்டும் வர மாட்டேங்குது. பிடிக்கப் போனா என் குரல்லயே பேசறார்.

– தண்ணி குடிக்கிறீங்களா?

– வேண்டாம்... சரி, தவளையையாவது போடு. ஃபாரத்துல கையெழுத்துக் கேட்கிறீங்க, எதுக்குன்னாவது தெரியணும் இல்ல?

– போடறேங்கம்மா. இந்த ஹெட்போனை மாட்டிக்கோங்க. இல்லை... திருப்பி. ஆங், அப்படி. இது முதல் பதிவு.

– ...மழைதான் கேட்குது.

– பின்னாடி இருக்கும். டக், டக், டக்னு. மரக்கதவைத் தட்டற மாதிரி.

– ஆமா! யாரோ திறக்கச் சொல்லித் தட்டறாங்க.

– அது ஆண். ஆண் தவளைதான் கத்தும். பெண் கத்தாது. இருட்டுல உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருக்கும். பிடிச்ச குரலா இருந்தா அந்தப் பக்கமாப் போகும்.

– கேட்கிறதுதான் அதோட வேலையா?

– அவ்வளவுதான்.

– அப்போ நான் சரியாத்தான் கிளம்பி வந்திருக்கேன்.

– ...

– வாயைப் பொத்திக்காதே. சிரி. நானே சிரிக்கிறேன். அடுத்தது போடு.

– ஒரு நிமிஷம்ங்கம்மா, போன்... சார், வணக்கம் சார். வந்திருக்காங்க சார்... இங்கதான்... இன்னும் இல்லை சார். போடுவாங்க... மூணு மணிக்குள்ளயா? இல்லை சார், கட்டாயப்படுத்த முடியாது, அவங்க... சரி சார். வாங்கிடறேன் சார்.

– யாரு?

– தலைமை நூலகர். மூணு மணிக்குள்ள ஃபாரம் அவர் மேஜையில இருக்கணுமாம்.

– மணி என்ன?

– ரெண்டே கால்.

– நேரம் கிடக்கு. போடு.

– இது பாறை இடுக்குல இருக்கிறது. குருவி மாதிரிக் கத்தும்... இது ஏரியில இருந்தது. இப்போ இல்லாத இனம்... இது முந்நூத்தி எட்டு. எங்ககிட்ட இருக்கிறதுலயே தெளிவான பதிவு இதுதான். திறப்பு அன்னைக்கு முதல் பக்கத்துல இதைத்தான் வைக்கப் போறோம். தட்டினா கத்தும்.

– ...

– பெரிய தவளை. குரல் கனமா இருக்கும். கேட்டீங்களா?

– திரும்பப் போடு.

– பிடிச்சிருக்கா?

– போடும்மா.

– ...

– இன்னொரு தடவை.

– அம்மா, ஏன் அழறீங்க?

– இது தவளை இல்லை.

– இல்லைங்கம்மா, தவளைதான். மூணு நிபுணருங்க கேட்டுச் சொல்லியிருக்காங்க. கம்ப்யூட்டர்கூட நூத்துக்குத் தொண்ணூத்திரெண்டு நிச்சயம்னு...

– எட்டு நிச்சயம் இல்லைன்னுச்சு இல்ல? அந்த எட்டு எங்க வீட்டு ஆளு.

– அம்மா...

– என் ரெண்டு பிள்ளைங்களும் இந்தச் சத்தத்துலதான் சோறு தின்னுச்சுங்க. வாயைத் திறக்க மாட்டேன்னு அடம் பிடிச்சா, கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டு இப்படித்தான் கத்துவார். கடைசியில ஒரு இழுப்பு இருக்கு பாரு, ர்ர்ர்ருன்னு... மூச்சு தீர்ந்து போச்சுன்னா மூக்கால இழுத்து முடிப்பார். அதை எந்தத் தவளையும் செய்யாது.

– இருங்க. இருங்கம்மா... சத்தத்தைப் படமாப் போட்டுப் பார்க்கிறேன். பெரிசு பண்ணி... இங்க கத்தல். இங்க கத்தல். நடுவுல... ஐயோ.

– என்ன?

– நடுவுல மங்கலா ஒரு பட்டை தெரியுதா? இது மூச்சு. உள்ள இழுக்கிற மூச்சு. தவளை வாயை மூடிக்கிட்டுத்தான் கத்தும். காத்து நுரையீரல்ல இருந்து தொண்டைப் பைக்குப் போகும், திரும்பி வரும். ஒவ்வொரு கத்தலுக்கும் இப்படி வாயால மூச்சு இழுக்காது.

– நான்தான் சொன்னேனே.

– எட்டு மாசம்... எட்டு மாசமா இதை நான் கேட்டிருக்கேன். இங்க எல்லாரும் என்னைப் பாம்புக்காதுன்னுதான் கூப்பிடுவாங்க.

– பாம்புதானே தவளையைப் பிடிக்கும்? மனுஷனைப் பிடிக்காது, விடு.

– அதில்லைங்கம்மா... நாலு செகண்டு கழிச்சு இங்க ஒண்ணு கத்துது பாருங்க, தூரத்துல. இது நிஜத் தவளை. இவருக்குப் பதில் சொல்லுது.

– தவளையே ஏமாந்திருக்கு. நீ ஏமாந்தா என்ன? ...இது போதும்மா எனக்கு. பேச்சு இல்லைன்னாலும் அவர் தொண்டைதானே. இதைத் தவளைன்னு சொல்லியே முதல் பக்கத்துல வையுங்க. உலகம் பூரா தட்டிக் கேட்கட்டும். எனக்குத் தெரிஞ்சாப் போதும்.

– முடியாதுங்கம்மா.

– ஏன்?

– தப்பான தகவல். இதை வச்சுத்தான் கம்ப்யூட்டர் கத்துக்கும். அப்புறம் ஏதாவது ஒரு காட்டுல யாராவது இருமினாக்கூடத் தவளைன்னு சொல்லும்.

– அப்போ இதையும் வெட்டிடுவ. வெட்டு. வேலைதானே. இந்தா ஃபாரம், பேனாவைக் கொடு, கையெழுத்து... இது எழுதலை போல இருக்கே.

– அம்மா, கோவிச்சுக்காதீங்க...

– கோவம் இல்லை. ஒண்ணு மட்டும் கேட்கிறேன், சொல்லு. வெட்டறதுக்கு முன்னாடி நீ கேட்டிருப்ப இல்ல? எப்படி இருந்துச்சு?

– ஒரு தடவைதாங்கம்மா. வெட்டற அளவுக்குக் கேட்டுட்டு...

– அந்த ஒரு தடவையில என்ன ஞாபகம் இருக்கோ, அதைச் சொல்லு.

– மெதுவாப் பேசுவார். தவளைக்குக் கேட்டுடக் கூடாதுங்கிற மாதிரி. 'பதிவு நூற்றுப் பதினேழு. ஜூலை ஒன்பது. மாலை ஆறு நாற்பது. வெப்பநிலை இருபத்தாறு. வானம் முழுக்க மேகம். காற்று இல்லை.' அங்க ஒரு செகண்டு நிறுத்துவார். 'கொசு உண்டு'ம்பார். 'உண்டு'ங்கிறப்போ லேசாச் சிரிப்பு வரும். ஆகஸ்ட் மாசம் பூரா சளி பிடிச்சிருக்கும். 'மேகம்'ங்கிறது 'பேகம்'னு வரும். செப்டம்பர்ல சரியாயிடும், ஆனா எண் சொல்றதுக்கு முன்னாடி ஒரு கனைப்பு... என்னங்கம்மா, அப்படிப் பார்க்கறீங்க?

– நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்லுவாங்க. ஒரு தடவை கேட்டதா இது? சொல்லும்மா.

– கதவைச் சாத்திக்கட்டுமா?

– சாத்து.

– நான் அழிக்கலைங்கம்மா. வெட்டினதை எல்லாம் தூக்கிப் போடாம... ஒண்ணோட ஒண்ணா ஒட்டி வச்சேன். அறுநூத்திப் பதினொண்ணும். ஒரு மணி நேரம் நாப்பது நிமிஷம் வருது.

– எங்க?

– என் போன்ல. ...நூலகத்துப் பொருளைச் சொந்தமா எடுத்து வச்சுக்கக் கூடாது. தெரிஞ்சா வேலை போயிடும். அதனாலதான் சொல்லலை.

– அதனாலதானா? வேலை போயிடும்னு பயந்தவ ஏன் எடுத்து வச்ச?

– எனக்குச் சொல்லத் தெரியலைங்கம்மா. ஹாஸ்டல்ல இருந்து இங்க வர ஒன்றரை மணி நேரம் பஸ். தினமும் கேட்டுக்கிட்டு வருவேன். இங்க என்கிட்ட ஒரு நாள்ல யாரும் பத்து வார்த்தைக்கு மேல பேச மாட்டாங்க. நானும் பேச மாட்டேன். இவர்... இத்தனை டிகிரி, இந்தப் பக்கம் காத்து, கொசு உண்டுன்னு... யாரோ எனக்கே சொல்ற மாதிரி இருக்கும். உங்களுக்குக் கொடுத்துட்டா என்கிட்ட இருந்து போயிடுமோன்னு... சின்னப் புத்தி. மன்னிச்சுக்கோங்க.

– ...போட்டுக் காட்டுவியா?

– இந்தாங்க. ஹெட்போன் என்னோடது, ஒரு பக்கம் உங்களுக்கு, ஒரு பக்கம் எனக்கு. வெளிய சத்தம் போகக் கூடாது. எதைப் போடட்டும்?

– எதையாவது.

– இல்லைங்கம்மா, உங்களுக்குன்னு ஒண்ணு இருக்கு. இருநூத்தி முப்பதுல இருந்து போடறேன். கேளுங்க.

– 'பதிவு இருநூற்று முப்பது. அக்டோபர் பதினாலு. மாலை ஆறு பத்து. வெப்பநிலை இருபத்துநாலு. லேசான தூறல். கடிதம் வரவில்லை.'

– ...

– 'பதிவு இருநூற்று முப்பத்தொன்று. அக்டோபர் பதினைந்து. ஆறு ஐந்து. வெப்பநிலை இருபத்துநாலு. தூறல். கடிதம் வரவில்லை.'

– இப்படிப் பத்து பதிவு வரும்ங்கம்மா. வானிலை சொல்லுவார், கடைசியில இதைச் சொல்லுவார். எனக்கு உங்க மேல ரொம்பக் கோவம். யாருன்னே தெரியாது, ஆனா கோவம். ஒரு கடிதம் எழுத என்னன்னு பஸ்ல உட்கார்ந்து திட்டியிருக்கேன்.

– எனக்குப் பரீட்சைம்மா அப்போ! நிச்சயம் பண்ணி ரெண்டு மாசம்தான் ஆச்சு. ரெண்டு வாரம் எழுத மாட்டேன்னு சொல்லிட்டுத்தான்... இந்த மனுஷன் தவளைக்கிட்ட போய்ப் புகார் வாசிச்சிருக்காரே!

– இதைக் கேளுங்க. இருநூத்தி நாப்பது.

– 'பதிவு இருநூற்று நாற்பது. அக்டோபர் இருபத்தேழு. மாலை... மணி பார்க்கவில்லை. வெப்பநிலை... அதுவும் பார்க்கவில்லை. கடிதம் வந்தது. நாலு பக்கம். ...மன்னிக்கவும். காற்று இல்லை.'

– ...

– அம்மா? நிறுத்திடட்டுமா?

– நிறுத்தாதே. ...இப்படித்தான். இப்படித்தாம்மா. 'நாலு'ங்கிறதை இப்படித்தான் கொஞ்சம் இழுப்பார். கடையில நாலு முட்டை கேட்டாலும் இப்படித்தான். எங்க போச்சு இத்தனை வருஷமா... நான் என்னவோ கனமான குரல்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். எவ்வளவு சின்னப் பையன் குரல்!

– இருபத்தஞ்சு வயசு அப்போ. என் வயசு.

– உன் வயசு. ...இதை எனக்குத் தருவியா?

– தர்றேங்கம்மா. ஆனா திருட்டுத்தனமா வேண்டாம். யோசிச்சுட்டேன். முந்நூத்தி எட்டை நான் வெட்டப் போறதில்லை. இனத்தை மாத்தப் போறேன். தவளைன்னு இருக்கிற இடத்துல 'மனிதன், ஆண்'னு போடுவேன். அதுக்குக் கீழயே இந்தப் பேச்சு எல்லாத்தையும் தனிப் பதிவா ஏத்திடுவேன். கம்ப்யூட்டருக்கும் தவளை எது, மனுஷன் எதுன்னு தெரிஞ்சுதானே ஆகணும்? அது அறிவியல்தான். தலைமை நூலகர் கேட்டா அப்படித்தான் சொல்வேன்.

– அவர் ஒத்துக்குவாரா?

– தெரியாது. இதுவரைக்கும் அவர்கிட்ட 'சரி சார்' தவிர எதுவும் சொன்னதில்லை. இன்னைக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

– எந்த வகைக் கத்தல்னு தவளைக்கெல்லாம் எழுதியிருக்கியே, இவருக்கு என்ன போடுவ?

– தவளைக்குப் போடறதுதான். 'துணையை அழைத்தல்.'

– போக்கிரி! தரையைப் பார்த்துக்கிட்டே எப்படிப் பேசறா பாரு.

– இருங்க, இப்பவே பதிஞ்சிடறேன். மணி ரெண்டே முக்கால். குரல் கொடுத்தவர் பேரு... போட்டாச்சு. மனிதன்னு போட்டதும் புதுசா ரெண்டு கட்டம் வருது. தவளைக்கு இது கேட்டதே இல்லை. பிறந்த வருஷம் ஃபாரத்துல இருந்து எடுத்துட்டேன். இன்னொண்ணு... மன்னிச்சுக்கோங்கம்மா, கேட்கச் சங்கடமா இருக்கு. மறைந்த வருஷம். பன்னெண்டு வருஷம்னு சொன்னீங்க, கழிச்சுப் போட்டுடட்டுமா?

– கழிக்காதே. அது காலியாவே இருக்கட்டும்மா... ஆபரேஷன்ல குரல்வளையைத்தான் எடுத்தாங்க, ஆளை எடுக்கலை. கீழ சைக்கிள் நிறுத்தற இடத்துக்குப் பக்கத்துல, பெஞ்சுல உட்கார்ந்திருக்கார். உங்க கடிதத்துல தப்பா 'மறைந்த'ன்னு போட்டிருந்ததைப் பார்த்துட்டு, நான்தான் அப்படியே இருக்கட்டும்னு வந்தேன். உயிரோட இருக்கிறவர் குரல் வேணும்னு கேட்டா, 'அவரையே பேசச் சொல்லுங்களேன்'னு அனுப்பிடுவீங்க. இல்லாதவர் குரல்னாத்தானே தேடுவீங்க... ஃபாரம் கொடுத்துட்டு வர்றேன்னு மட்டும்தான் அவர்கிட்ட சொல்லியிருக்கேன். போனையும் ஃபாரத்தையும் எடுத்துக்கிட்டு வா, கையெழுத்தை அவரே போடட்டும். பன்னெண்டு வருஷமா அவரும்தான் கேட்கலை.